உப்பு, கரி, ஈரமண்

1

இந்தக் கதை ஒரு மருத்துவரின் எரிச்சலிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனத்தில் தானாக ஊறியது, கனவில் வந்தது என்றெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1974 கோடையில் ஒரு முற்பகல், காரைக்குடி செக்காலையில் டாக்டர் நாகநாதனின் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். குடிதண்ணீரால் பரவும் வியாதிகளைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். வாடகைக் காரில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒக்கூர்ப் பக்கத்து விவசாயி, பெயர் சின்னக்கருப்பு. பம்புசெட்டில் கரண்ட் அடித்திருந்தது. டாக்டர் நாடியைப் பிடித்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், எழுந்துவிட்டார். இறந்தவரின் காதுக்குள் ஈரமண் இருந்தது. உள்ளங்கைக் காயத்தில் கல்லுப்பும் அடுப்புக்கரியும் அப்பியிருந்தன.

“இன்னொரு உப்புக் கேஸ்” என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. “கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு இறுக்கிட்டா மனுஷன் எப்படி மூச்சு விடுவான்? நெஞ்சு விரிய இடம் வேண்டாமா? கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா... நீங்க பத்திரிகைக்காரர்தானே? தண்ணியை விடுங்க, இதை எழுதுங்க.”

கரண்ட் அடித்தவரை மண்ணில் புதைக்கிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. உப்பும் கரியும்தான் எனக்குப் புதிது. வாசலில் நின்ற மைத்துனரைக் கேட்டேன்.

“கோட்டையூர்க் காளியாயி வைத்தியம்யா” என்றார் அவர். “அந்தம்மா புருசனைப் பெரிய லைன் கரண்டு அடிச்சுச் செத்தே போனாரு. இப்படி வச்சுத்தான் எழுப்புச்சு. நாங்களும் அந்தம்மாவுக்கு ஆள் விட்டுத்தான் இருந்தோம். அது வந்து சேர நேரமாயிருச்சு.”

நான் உப்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டையூருக்கு டவுன் பஸ் ஏறினேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதனால் பயன் இருக்குமா என்று சந்தேகம்தான். காரணம் பின்னால் வரும்.)

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“பதினோராயிரம் வோல்ட் மின்சாரம் மனித உடலுக்குள் நுழையும்போது அது தேர்ந்தெடுக்கும் பாதை” — வேண்டாம். பாடப்புத்தகம்.

“பங்குனி வெயிலில் அம்மன் கோவில் கொட்டகையின் கீற்றுகள் மின்னின. எங்கோ ஒரு குயில்” — குயில் கிடையாது. விசாரித்துவிட்டேன். அன்று காலை அந்த ஊரில் வேறு எந்தச் சத்தமும் கேட்க முடியாதபடி காளியாயியின் கணவர் பொன்னழகுவின் ரேடியோ செட் பாடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தொடக்கத்தில் பொன்னழகுவை மின் ஊழியராக மாற்றினேன். கம்பத்தில் ஏறுகிற மனிதர் என்றால் வாசகர் முதல் வரியிலேயே பயந்துவிடுவார், எனக்கு வேலை மிச்சம். மாவட்டத்தையும் மாற்றினேன். மூன்று பக்கம் நன்றாகத்தான் ஓடியது. உப்பு வரும் இடத்தில் இடித்தது. மின் ஊழியரின் மனைவி இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டாள். இதைச் செய்யக்கூடியவள், மின்சாரத்தை அடுத்தவர் வீட்டில் மட்டும் அருகிலிருந்து பார்த்தவளாக இருக்க வேண்டும். தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பொன்னழகு கல்யாணம், காதுகுத்து, திருவிழாக்களுக்கு ரேடியோ செட் கட்டுகிறவர். புனல் ஸ்பீக்கர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் பாட்டுக் கேட்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் காதில் விழவில்லை என்றால் திருவிழா நடத்தியவர்களுக்குக் கௌரவம் இல்லை. 1966இல் அம்மன் கோவில் திருவிழாவுக்கு அவர் மூங்கிலை விட்டுவிட்டு நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். மூங்கில் காற்றுக்கு வளைகிறது என்பது அவருடைய குறை. ஒரு ஸ்பீக்கர் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவதைக் குழாயின் நுனியில் கட்டி, கோவிலுக்குப் பின்னால் நிமிர்த்தினார். மேலே பெரிய லைன் போகிறது.

வெடித்தது போல் சத்தம் கேட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

“வாய்க்குள்ள செம்புக்காசைப் போட்ட மாதிரி ஒரு ருசி. அம்புட்டுத்தான் சார் தெரியும்” என்றார் என்னிடம்.

அவர் தூரத்தில் போய் விழுந்தார். முதல் ஸ்பீக்கரில் பாட்டு முடிந்து, இசைத்தட்டை எடுக்க ஆள் இல்லாமல், ஊசி கரகரத்துக்கொண்டே இருந்ததாம்.

3

காளியாயி அப்போது தேனம்மை ஆச்சி வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் அங்கேதான். அந்த நாலு கட்டு வீட்டுக்கு மின்சாரம் இழுத்தபோது அவர் பார்த்ததை அவர் வாயாலேயே கேட்பது நல்லது. இரண்டு நாள் காளியாயி வீட்டில் உட்கார்ந்து கேட்டது இது.

“ஒயர்மேன் பின்கட்டுல குழி வெட்டுனாரு. ஒரு குழாயை நட்டு, சுத்தி அடுப்புக்கரி ஒரு வரிசை, கல்லுப்பு ஒரு வரிசைன்னு போட்டுத் தண்ணிய ஊத்தி மூடுனாரு. ‘இது எதுக்குண்ணே?’ன்னு கேட்டேன். ‘வீட்டுக்குள்ள தப்புக் கரண்டு வந்தா இதுவழியா மண்ணுக்குள்ள இறங்கிரும் தாயி, மண்ணு மட்டும் காயக் கூடாது’ன்னாரு. கோடைக்குத் தினமும் குடம் குடமா அதுக்கு நான்தான் தண்ணி ஊத்துவேன். ஏன் சார், அம்புட்டுப் பெரிய வீட்டுக் கரண்டையே இழுக்குற மண்ணு, இந்த ஒத்த ஆளு உடம்புல உள்ளதை இழுக்காதா?”

தவறான முடிவுக்கு இவ்வளவு ஒழுங்கான வழியில் போய்ச் சேர்ந்தவரை நான் சந்தித்ததில்லை.

ஊருணிக் கரையில், நீர் வற்றிய ஓரத்தில், ஆட்கள் குழி வெட்டினார்கள். பொன்னழகுவை நிற்கவைத்துக் கழுத்துவரை மண் தள்ளினார்கள். வலது கையை மட்டும் காளியாயி வெளியே எடுத்து, காயத்தில் உப்பையும் கரியையும் வைத்து, மறுபடி மண்ணுக்குள் அழுத்தினார்.

“உப்புப் பட்டதும் ‘ஐயோ’ன்னாக. செத்தவுக ஐயோன்னுவாகளா? திருவிழாவுக்கு வந்த ஒருத்தரு கார் வச்சிருந்தாரு. மதுரைக்குக் கொண்டுபோவோம்னு நாலு பேரு தோண்ட வந்தாக. நான் விடலை சார். மண்ணு ஈரமா இருக்கையில எடுத்தா பாதிக் கரண்டு உள்ளயே தங்கிரும்னு குறுக்க விழுந்து மறிச்சிட்டேன். பொழுது சாய்ற வரைக்கும் தண்ணி ஊத்துனேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் எழுதாமல் விடலாம். விட்டால் பின்னால் வருவதற்குப் பொருள் இல்லை.

கட்டிலிலிருந்து பொன்னழகு சொன்னார்: “தலை மட்டும் வெளிய. ஆடு ஒண்ணு வந்து மூஞ்சிய மோந்து பாக்குது. வெரட்டக் கை இல்லை. அப்பவே பழகிக்கிட்டேன்.”

“வந்தவுககிட்டப் பேசுற பேச்சப் பாரு” என்றார் காளியாயி. “ஊருக்கே பாட்டுப் போட்ட வாயி, மண்ணுக்குள்ள வச்சாலும் அடங்கலை.”

“நீ மறுபடி வச்சுப் பாரு.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதி அடித்துவிட்டேன்.

4

இந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டுரை வருகிறது. கதை மட்டும் போதும் என்பவர்கள் தாண்டிப் போகலாம். தாண்டாமல் இருந்தால் நல்லது.

உயர் அழுத்த மின்சாரம் தாக்கியவரின் வெளிக்காயம் ஏமாற்றும். நுழைந்த இடத்தில் காசு அளவுக்கு ஒரு கருப்பு, வெளியேறிய இடத்தில் இன்னொன்று. பொன்னழகுவுக்கு வலது உள்ளங்கையில் நுழைந்து, இடது பாதத்தின் சுண்டுவிரலைக் கொண்டுபோயிற்று. நடுவில் தோல் நன்றாகவே இருந்தது. அதற்கு அடியில், எலும்பை ஒட்டிய தசை வெந்திருந்தது. வெந்த தசை வீங்கும். தோல் இடம் கொடுக்காது. ரத்தக் குழாய்கள் உள்ளேயே நெரிபடும். சில மணி நேரத்துக்குள் தோலை நீளவாக்கில் கீறி வீக்கத்துக்கு வழி விட்டால் கை தப்ப வாய்ப்பு இருக்கிறது. பிந்தினால் இல்லை.

செத்த தசையின் கழிவு சிறுநீரகத்துக்குப் போகும். அப்போது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். பொன்னழகுவுக்கு மறுநாள் காலை அப்படித்தான் போயிருக்கிறது.

“கரி இறங்குதுன்னு சந்தோசப்பட்டோம்” என்றார் காளியாயி.

அன்று மதியம் விரல்கள் கறுத்த பிறகே மதுரைக்குப் போனார்கள். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள்.

அதோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் உடம்பு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது. காதில் ஓயாத இரைச்சல். ஆச்சி வீட்டு மின்விசிறிக்குக் கீழே அவரால் உட்கார முடியாது. மழைக்கு முன்னால் இடது கால் எரியும். இல்லாத வலது கை இன்னும் அந்த இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்கிறார். விரல்களைப் பிரிக்க முடியவில்லை, பிரிக்க முயன்றால் தோள் வரை வலிக்கிறது. மூன்று வருடம் கழித்து இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மின்சாரம் கழுத்துக்குப் பக்கத்தில் போனவர்களுக்கு இப்படிப் பிந்தி வருவது உண்டு என்கிறார் டாக்டர். ஒரு கண்ணில் அறுவை செய்து பார்த்தார்கள். பின்னால் நரம்பும் கெட்டிருந்தது.

வலது கை போனவருக்கு இந்த ஊரில் இன்னொரு கஷ்டம் உண்டு. இடது கையால் சோறு சாப்பிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு வருடமாகக் காளியாயிதான் ஊட்டிவிடுகிறார்.

5

காளியாயி தண்ணீர் எடுக்க ஊருணிக்குப் போயிருந்தார். நான் பொன்னழகுவிடம் டாக்டர் நாகநாதனின் பெயரைச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பினார்.

டாக்டர் அந்தக் காலத்தில் மதுரையில் வேலை பார்த்தவர். கையை எடுத்தபோது உடன் இருந்தவர். என்னிடம் அவர் சொன்னது: “எழுத்துல கேட்டா ‘இருக்கலாம்’னு எழுதுவேன். உங்ககிட்டச் சொல்றேன், அன்னைக்குக் காரில் கொண்டுவந்திருந்தா அந்தக் கை பிழைச்சிருக்கும்.”

“தெரியும் சார்” என்றார் பொன்னழகு. “அவ கஞ்சி வாங்கப் போனப்ப, ‘ஏன்யா அன்னைக்கே வரலை?’ன்னு கேட்டாரு. மண்ணுல வச்சிருந்தாகன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாரு. அவகிட்டச் சொல்லிராதீகன்னு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன், இருந்த ஒத்தக் கையால.”

“ஏன் சொல்லக்கூடாது?”

“என்ன சார் கேள்வி? தினமும் எனக்குச் சட்டை போட்டுப் பித்தான் மாட்டி விடுறா. ‘நான் எழுப்புன உசுரு’ன்னு நெனச்சுக்கிட்டு மாட்டுறா. ‘நான் வாங்குன கை’ன்னு தெரிஞ்சா, அந்தத் தொங்கலாக் கெடக்குற சட்டைக்கையத் தொடுவாளா?”

சின்னக்கருப்பு இறந்ததைச் சொன்னேன்.

“அது பம்புசெட்டு. வேற கரண்டு” என்றார். பிறகு அவரே, “யாரு கூப்பிட்டாலும் போகாதடின்னு சொல்லிப் பாத்துட்டேன். ‘உசுரு போற எடத்துக்குப் போகாதேங்கிறீகளே, நீங்க மட்டும் பொழைச்சாப் போதுமா?’ங்கிறா. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? எழுதிராதீக சார். அவ வாசிப்பா.”

காளியாயி வாசிப்பார் என்பது எனக்குச் செய்தி. அவருக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்திருந்தேன். பார்வை போவதற்கு முன்பு வாரப் பத்திரிகையில் வரும் கதைகளைப் பொன்னழகு அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். கண் மங்கத் தொடங்கியதும், அவர் உள்ளங்கையில் தன் இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது ஆச்சி வீட்டிலிருந்து வரும் பழைய இதழ்களைக் காளியாயி எழுத்துக் கூட்டி அவருக்கு வாசிக்கிறார். நான் எழுதுகிற பத்திரிகையும் அதில் ஒன்று.

“ஒண்ணு மட்டும்” என்று பொன்னழகு சிரித்தார். “யாராச்சும் சாகுற கதைன்னா அவளுக்கு ஆகாது. பாதியில நிப்பாட்டி, ‘இதுக்கு மேல தாளு கிழிஞ்சு போச்சு’ம்பா. அவ அங்குட்டுப் போனதும் தடவிப் பாப்பேன். கிழிஞ்சிருக்காது. நான் கேட்டுக்கிறதில்லை.”

வாசலில் குடத்தை இறக்கும் சத்தம் கேட்டது. “எழுதிராதீக” என்றார் மறுபடி, உதட்டை மட்டும் அசைத்து.

நான் தலையை ஆட்டினேன். அதை அவர் பார்த்திருக்க முடியாது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

6

இந்தக் கதையை முடிக்க நான் செய்த முயற்சிகள்.

முதல் முடிவு: காளியாயிக்கு எல்லாம் முன்பே தெரியும். தனக்குத் தெரியும் என்பது கணவருக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் கெஞ்சுகிறார். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எழுதி முடித்து, நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் அவரை இரண்டு நாள் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் குறுக்கே விழுந்து மறித்ததை அந்தக் குரலில் சொல்லமாட்டார்.

இரண்டாவது முடிவு: பொன்னழகுவே ஒரு நாள் சொல்லிவிடுகிறார். “காளி, அன்னைக்கு அந்தக் காருல” — இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவர் சொல்லமாட்டார். அவருடைய மௌனத்தில் எவ்வளவு பாசம், ஊட்டுகிற கை நின்றுவிடுமோ என்ற பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவும் முயன்றேன். பிரியவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

மூன்றாவது முடிவு: நான் இதை எழுதாமல் விட்டுவிடுகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஒரு மாதம் அப்படியே இருந்தேன்.

பிறகு ஒக்கூர்ப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது சின்னக்கருப்பு வீட்டில் எட்டிப் பார்த்தேன். அவர் மனைவி அழகி வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். காளியாயி வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனாராம்.

“கரி போட மறந்துட்டீகளே தாயின்னு அந்தக்கா அழுதுச்சு” என்றார் அழகி. “கரியெல்லாம் போட்டோம்யா. நான்தான் பத்தாமப் போட்டுட்டேன் போல. குழிக்குள்ள எடுத்து வச்சப்ப மூச்சு இருந்துச்சு. இன்னுங்கொஞ்சம் அள்ளிப் போட்டிருந்தா பொழைச்சிருப்பாக.” பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினார். “அந்தா, அங்குட்டும் பம்புசெட்டு வந்திருச்சு. அவுக வீட்டுல இப்பவே ரெண்டு படி உப்பு வாங்கி வச்சிருக்காக.”

பொன்னழகு தன் மனைவியின் தலையில் விழாமல் எட்டு வருடம் பிடித்து நிறுத்தியிருந்த பழி, அழகியின் தலையில் விழுந்திருந்தது. அவர் அதைக் கரியின் அளவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

7

இந்தப் பகுதி ஒருவருக்கு மட்டும். காளியாயி என்று நான் பெயர் வைத்திருக்கும் அம்மாவுக்கு.

மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்கு முன்னால் இங்கே வந்துவிட்டார்கள். இதழ் ஆச்சி வீட்டிலிருந்து பிந்தித்தான் வந்திருக்கும். நீங்கள் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வருகிறவர். வேறு பெயர், வேறு பெயர் என்று வாசித்துக்கொண்டே வந்து, கல்லுப்பு என்ற இடத்தில் உங்கள் குரல் நின்றிருக்கும். “என்ன, நிப்பாட்டிட்ட?” என்று அவர் கேட்டிருப்பார். அதன் பிறகு நீங்கள் அவருக்கு எதைச் சத்தமாக வாசித்தீர்கள், எதை மனத்துக்குள் வாசித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

அன்று உங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தீர்கள். இதை எழுதினால் உங்களுக்கு ஆறுதல் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை ஆள் வந்து கூப்பிட்டால் உப்பை எடுக்காதீர்கள். கார் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயில் ஊதி நெஞ்சை அழுத்தச் சொல்லுங்கள். எப்படி என்று டாக்டர் நாகநாதன் உங்களுக்குக் காட்டித் தருவார், கேட்டுவிட்டேன். டாக்டர் சொன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கேட்கவில்லை. நான் எழுதினாலும் கேட்கமாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். அதனால்தான் அவர் வேண்டாம் என்று சொல்லியும் இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

அவரிடம் என்ன சொல்வது என்பதில் நான் தலையிடமாட்டேன். இந்தக் கதைக்கு முடிவு என்று ஒன்று இருந்தால், அது நீங்கள் இப்போது வாய் திறந்து வாசிக்கப்போகிற வரிதான். உள்ளதை வாசிக்கலாம். அந்த மனிதர் கை போனாலும் பிழைத்து, மறுபடி ரேடியோ செட் கட்டப் போனார் என்று இல்லாததையும் வாசிக்கலாம். என்னைவிட நீங்கள் நன்றாகவே முடிப்பீர்கள்.

தாள் கிழிந்துபோயிற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எழுந்து போனதும் அவர் தடவிப் பார்ப்பார். இந்தத் தடவை அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், ஐந்தாம் பகுதி தொடங்கும் தாளிலிருந்து நிசமாகவே கிழித்துவிடுங்கள். கிழிகிற சத்தம், காதில் அவ்வளவு இரைச்சல் இருந்தாலும், அவருக்குக் கேட்கும்.

இருமிக்கொண்டே கிழியுங்கள்.